பதினேழாம் பெட்டி நிலக்கரி

வியாழன், காலை 6.40. புளோக்ராஸ் சுரங்கத்தின் பாறைக் கிடங்கில் ஒரு பெட்டியைக் காணவில்லை.

உள்ளே இருந்தது தங்கமல்ல, வெறும் நிலக்கரியும் கல்லும். கொல்லன் தெருவில் ஊசி விற்றவனைக் கேள்விப்பட்டிருக்கிறோம், ஊசி திருடியவனை? வெளியே மலைமலையாகக் கரி கிடக்க, பூட்டைத் திறந்து உள்ளே போய் ஒரு பெட்டியைத் தூக்கியவன் எப்படிப்பட்ட மடையன்? சார்ஜென்ட் நொமசொன்டோ ஜியானேவுக்குத் தலை சுற்றியது.

7.20. நிலவியலாளர் டெர்பிளான்ஷ் வாசலில் நின்று கைகளைத் தேய்த்துக்கொண்டிருந்தார். அந்தத் தெற்கு நாட்டில் ஜூலைதான் கடுங்குளிர்.

"பூட்டு உடையல. சாவி யார்கிட்ட?"

"என்கிட்ட ஒண்ணு. காவக்காரன் மசிலேலாகிட்ட ஒண்ணு."

"பெட்டியில என்ன இருந்தது?"

"இன்னும் தோண்டாத வடக்குக் கரி வயல்ல துளை போட்டு எடுத்த பாறைத் தண்டு. பதினேழாவது பெட்டி. நாலு மீட்டர் கருங்கல்லு, அதை ஒட்டிக் கொஞ்சம் கரி."

"கரிக்கு நடுவுல கல்லு எங்கேருந்து வந்தது?"

"எந்தக் காலத்துலயோ பூமிக்குள்ள உருகி ஓடின பாறை, சார்ஜென்ட். கரிக்குள்ள புகுந்திடுச்சு. அந்தச் சூடு பட்ட கரி வெந்து செத்துப்போயிடும். கொளுத்தினாலும் சரியா எரியாது. வடக்கு வயல் முழுக்க இதே கதிதான். போட்டோ இருக்கு, அறிக்கை இருக்கு. பெட்டி போனதால ஒண்ணும் மாறப்போறதில்ல."

ஒன்றும் மாறாதென்றால் எதற்குத் திருட்டு? ஜியானே குறிப்பேட்டில் ஒரு கேள்விக்குறி போட்டாள். கொஞ்சம் யோசித்துப் பக்கத்திலேயே இன்னொன்றும் போட்டாள்.

8.05. கிராம அறக்கட்டளைத் தலைவி மா சின்டானே மூச்சிரைக்க வந்தார். சுரங்கத்தில் மூன்றில் ஒரு பங்கு அவருடைய கிராமத்தின் நூற்றிருபது குடும்பங்களுக்குச் சொந்தம். பழைய குழிகளில் கரி தீரப்போகிறது. மிச்சம் வடக்கு வயல்தான். அதுவும் செத்த கரி என்றதும், அந்தப் பங்கை ஒரு கம்பெனி அடிமாட்டு விலைக்குக் கேட்டது. பதினோரு மணிக்குக் கையெழுத்து.

"செத்த கரியை ஒருத்தன் எதுக்கு வாங்குறான், மா?"

"எனக்கும் அதான் புரியல சிசி," என்றார், ஊர் வழக்கப்படி தங்கையென்று அழைத்து. " எதுக்கும் இருக்கட்டும்னு, பெட்டியை வெளியூர் ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பிப் பாருங்கன்னு நேத்து சாயங்காலம் கடுதாசி குடுத்தேன்."

"யார் கையில?"

"டெர்பிளான்ஷ் கையிலதான். வேற யாரு பாறை பாக்குறாங்க இங்க?"

8.40. காவலாளி மசிலேலா, துளை போட்ட தகர டின் அடுப்பின் பக்கத்தில் ஒடுங்கி உட்கார்ந்திருந்தார். அவரும் அதே கிராமம். டெர்பிளான்ஷும் மா சின்டானேயும் ஜியானேவின் பின்னாலேயே வந்து நின்றார்கள். ஜியானே தன் வெட்கூக் பணியாரத்தில் பாதியைப் பிய்த்துக் கொடுத்தாள். அவர் கையில் வாங்கிக்கொண்டார், தின்னவில்லை.

"பாபா, பெட்டியைத் தொட்டீங்களா?"

"தூக்கிட்டுப் போகல."

"நான் கேட்டது தொட்டீங்களான்னு."

"சொன்னா வேலை போயிடும் சிசி. வீட்டுல ஆறு வயிறு."

"சொல்லலைன்னா ஜெயில்."

மசிலேலா தரையைப் பார்த்தார். "திங்கக்கிழமை குளிர் தாங்கல. வெளிய குவியலெல்லாம் பனியில நனைஞ்சு கிடந்தது. அந்தப் பெட்டியில கல்லை ஒட்டி உடைஞ்சு கிடந்த கரியில ரெண்டு கை அள்ளிட்டேன்."

டெர்பிளான்ஷ் துள்ளினார். "பாத்தீங்களா! திருடன் வாயாலயே வந்திடுச்சு. கூட்டிட்டுப் போங்க!"

ஜியானே மசிலேலாவிடமே திரும்பினாள். "எப்படி எரிஞ்சது பாபா?"

"என்ன சிசி?"

"கரி."

"அதையேன் கேக்குறீங்க! மஞ்சளாப் பத்திக்கிச்சு. ஒரே புகை. கண்ணைத் தொறக்க முடியல."

"மிச்சம் இருக்கா?"

முக்காலிக்கு அடியிலிருந்து ஒரு தகர டப்பாவை எடுத்தார். மூன்று துண்டுகள்.

9.10. ஜியானே ஒரு துண்டைத் தணலில் போட்டாள். முதலில் புகை. பிறகு குபுக்கென்று மஞ்சள் சுடர். மா சின்டானே இருமினார். டெர்பிளான்ஷ் கைகளைத் தேய்ப்பதை நிறுத்தியிருந்தார்.

"நான் கரியடுப்பு வீட்டுல வளந்தவ, மிஸ்டர் டெர்பிளான்ஷ். வெந்த கரியைக் கரிக்காரன் எங்கம்மா தலையில கட்டினா அன்னைக்குப் பாப் களி கிண்ட முடியாது. புகையும் வராது, சுடரும் வராது. இது கல்லை ஒட்டிக் கிடந்த கரி. உருகின பாறை பக்கத்துல படுத்திருந்தும் இது வேகவே இல்ல. அப்ப என்ன அர்த்தம்? அந்தக் கல்லு அந்தத் துளையிலேருந்து வரல."

நுணலும் தன் வாயால் கெடும். வெந்த கரி எரியாது என்று ஊருக்கே பாடம் நடத்தியவர் அவர்தான்.

"வடக்குக் கரியை எடுத்துட்டு வேற துளையோட கல்லை வச்சீங்க. போட்டோவுல கல்லு தெரியும். கரி வெந்ததா இல்லையான்னு தெரியாது. ஆய்வுக்கூடத்துல தெரிஞ்சிடும். அதான் நேத்து கடுதாசி வந்ததும் பெட்டியே மாயமாச்சு. பக்கத்துக் கரியையும் மாத்தணும்னு உங்களுக்குத் தோணல. பாவம், நீங்க என்னைக்கு அடுப்பு மூட்டினீங்க?"

9.35. கிடங்கில் இருந்த, சுரங்கத்தின் தெற்குப் பக்கத் துளையின் பெட்டிகளைத் திறந்தார்கள். சரியாக நாலு மீட்டர் கல் குறைந்தது. காணாமல் போன பெட்டி டெர்பிளான்ஷின் வண்டியில் தார்ப்பாய்க்கு அடியில் கிடந்தது. பங்கை வாங்கவிருந்த கம்பெனியில் தனக்கும் ஒரு பங்கு தருவதாகச் சொன்னார்கள் என்று டெர்பிளான்ஷ் முனகினார்.

10.50. விலங்கு மாட்டும்போதும் அவருக்கு விஷம் அடங்கவில்லை. செய்தி கேட்டு வந்திருந்த சுரங்க மேலாளரைப் பார்த்துக் கத்தினார்: "பாறைப் பெட்டியில கை வச்சவனை அன்னைக்கே வேலையை விட்டுத் தூக்கணும். அதான் விதி!"

விதி என்னவோ அதுதான். மேலாளர் சங்கடத்தோடு மசிலேலாவிடம் கையை நீட்டினார். மசிலேலா கழுத்திலிருந்த அடையாள அட்டையைக் கழற்றத் தொடங்கினார்.

"அதைத் திரும்ப மாட்டிக்கோ," என்றார் மா சின்டானே.

ஒன்பது வருடமாக நிர்வாகக் கூட்டங்களில் டீ குடித்துவிட்டு, காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டு வந்தவர் அவர்.

"எங்க கிராமம் இன்னைக்குக் கையெழுத்துப் போடப்போறதில்ல. மூணுல ஒரு பங்கு இன்னமும் எங்களோடது. முதலாளி சொல்றேன், இவர் வேலையில இருப்பாரு."

மேலாளர் குழம்பிப்போய் ஜியானேவைப் பார்த்தார். அவள் குறிப்பேட்டை மூடினாள். அவர் மா சின்டானேயின் பக்கம் திரும்பி, மெல்லத் தொப்பியைக் கழற்றினார்.

"சரிங்க, மேடம்."