அவசரக்குடுக்கையும் நட்சத்திரத் துண்டும்

வகுப்பில் அவளுக்கு அவசரக்குடுக்கை என்று பெயர். கேள்வி முடிவதற்குள் பதில் சொல்லிவிடுவாள். பாதி நேரம் அது வேறு கேள்விக்கான பதிலாக இருக்கும்.

பள்ளி நாடகத்தில் அவளுக்குக் காவல் செல் வேடம். உடம்புக்குள் கிருமி நுழைந்தால் அதை விழுங்கி, நறுக்கி, ஒரு துண்டை, கிருமியோடு சண்டை போடும் டி செல்களிடம் காட்டும் வேலை.

"முழுக் கிருமியையே இழுத்துட்டுப் போனா என்ன டீச்சர்?"

"முழுசாக் காட்டினா அவங்களுக்கு அடையாளம் தெரியாதும்மா. தட்டுல வெச்ச துண்டுதான் தெரியும். அதுவும் ஒவ்வொருத்தருக்கும் ஒரே ஒரு துண்டு" என்றார் அறிவியல் டீச்சர்.

அதனால் பத்து டி செல்களின் மார்பிலும் ஓர் அட்டை. ஒவ்வொரு அட்டையிலும் ஒரு வடிவத்தில் ஓட்டை. நட்சத்திர ஓட்டை முணுமுணுவுக்கு. அவன் பேசினால் பக்கத்தில் இருப்பவருக்கே கேட்காது. துண்டு பொருந்தியதும், "இவன்தான் எதிரி, பிடிங்க!" என்று கத்த வேண்டும். அந்த ஒரு வரிக்காக இரண்டு வாரம் குளியலறையில் கத்திப் பழகியிருந்தான்.

நாடகத்தன்று அவள் காதில் சொன்னான்: "அப்பா வந்திருக்காரு. அடுத்த டிரிப்புக்கு பஸ் எடுக்கணும். அதுக்குள்ள என் வரி வந்துடும்ல?"

"கண்டிப்பா வரும்!"

கிருமி வேடத்தில் வாலு குதித்து வந்தான். உடம்பில் காகிதச் சங்கிலி, அதன் நடுவில் ஒரு நட்சத்திரம். அதுதான் கிருமியின் புரதம். ஒன்று போதும் என்று டீச்சர் சொல்லியும் கேட்காமல், இடுப்பில் அதேபோல் நட்சத்திரம் வைத்த இன்னொரு சங்கிலியும் சுற்றியிருந்தான்.

அவசரக்குடுக்கை அவனைப் போர்வைக்குள் அமுக்கி, மேல் சங்கிலியை உருவிச் சரக் சரக்கென்று வெட்டித் தள்ளினாள். வாலு திரைக்குப் பின்னால் நழுவினான்.

தட்டைப் பார்த்தாள். நட்சத்திரம் இரண்டாகக் கிடந்தது.

முணுமுணுவும் பார்த்துவிட்டான். 'பரவாயில்லை' என்பதுபோல் தலையாட்டினான். அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

"அடுத்த காட்சி, அடுத்த காட்சி!" என்று ஓரத்திலிருந்து டீச்சர் கிசுகிசுத்தார். அவள் நகரவில்லை. வாழ்க்கையில் முதல்முறையாக நின்று யோசித்தாள்.

"கிருமி ஒண்ணோட நிக்குமா?" என்றாள் சத்தமாக. "அது பெருகுமே! இன்னொண்ணு இங்கதான் எங்கேயோ ஒளிஞ்சிருக்கு!"

பிஸ்கட் தின்றுகொண்டிருந்த வாலுவுக்கு இது போதாதா? வாயெல்லாம் தூளோடு பாய்ந்து வந்தான். மண்டபமே சிரித்தது.

மறுபடி போர்வை. இடுப்புச் சங்கிலியை உருவினாள். இந்த முறை நட்சத்திரத்தைத் தொடாமல், ஓரம் ஓரமாக, நாக்கைத் துருத்திக்கொண்டு வெட்டினாள்.

"நாடகம் இன்னிக்கு முடியுமா?" என்றது போர்வை.

"அவசரப்படாதே" என்றாள் அவசரக்குடுக்கை.

துண்டைத் தட்டில் வைத்து ஒவ்வொருவர் முன்னும் நீட்டினாள். ஒன்பது பேருக்குப் பொருந்தவில்லை. பத்தாவது ஓட்டையில் கச்சிதமாக உட்கார்ந்தது.

"இவன்தான் எதிரி! பிடிங்க!"

முன்வரிசையில் தூங்கிய குழந்தை விழித்துக்கொண்டு அழுதது. கடைசி வரிசையில் ஒரு பஸ் டிரைவர் எழுந்து நின்று கைதட்டிக்கொண்டே இருந்தார். அன்று அவர் பஸ் நிச்சயம் ஐந்து நிமிடம் தாமதமாகத்தான் கிளம்பியிருக்கும்.