வாரேனுங்க

மலையூரான வளப்பூர் நாட்டில் பஸ் நின்றபோது மதியம்தான். ஆனால் கிடங்கு வாசலுக்கு நடந்து வருவதற்குள் மூடுபனி இறங்கி, எதிரிலிருந்த பலா மரத்தைக் காணவில்லை. தாஹிரா கதவைத் தட்டினாள். உள்ளே தாழ் விலகியது.

"வாங்கம்மா. இந்தப் பனியில ஏனுங்க கெளம்பி வந்தீங்க?"

மாணிக்கம். தாஹிராவின் கணவர் நசீர் அகமதுவின் மிளகுக் கிடங்கைப் பல வருடமாகப் பார்த்துக்கொள்பவர். நசீர் இறந்த பிறகு தாஹிரா மலையேறுவது இதுதான் முதல் தடவை. கணக்கை முடித்துச் சாவியை வாங்கிக்கொண்டு மாலை பஸ்ஸைப் பிடித்துவிட வேண்டும். துறையூர் வீட்டில் மகள் நசீபா தனியாக இருந்தாள்.

உள்ளே மிளகு நெடி மூக்கில் ஏறியது. கணக்கைப் பார்த்து முடிப்பதற்குள் பொழுது சாய்ந்துவிட்டது. மூலையிலிருந்த மூட்டை ஒன்று முனகுவது போல அதிர்ந்தது.

"என்னங்க அது?"

"என்ற போனுங்க."

"போனை ஏன் மிளகுல ஊறப்போட்டிருக்கீங்க? ரசம் வைக்கவா?"

மாணிக்கம் சிரிக்கவில்லை. "பனி எறங்குனா அடிக்குதுங்கம்மா. சிம்மைக் கழட்டிப் போட்டும் அடிக்குது."

தாஹிராவின் முகத்திலும் சிரிப்பு நின்றுபோனது. எந்த அழைப்பு என்று அவளுக்குத் தெரியும்.

கீழேயிருந்து ஆம்புலன்ஸ் அத்தனை கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறி வருவதற்குள் உயிர் போய்விடுகிறது என்றுதான் அந்த ஏற்பாட்டை மலைக்குக் கொண்டுவந்தார்கள். ஆபத்தில் இருப்பவர் ஓர் எண்ணை அழைத்தால் போதும். பெயர் பதிந்து வைத்தவர்களில் யார் பக்கத்தில் இருக்கிறார்களோ அவர்களை ஒருவர் பின் ஒருவராக ஒரு பெண் குரல் கூப்பிடும். படிக்கத் தெரியாதவர்களுக்கும் ஆகட்டும் என்று பட்டன் எதையும் அழுத்தச் சொல்வதில்லை. 'வாரேன்' என்று வாயால் சொன்னால் போதும். உடனே மற்றவர்களைக் கூப்பிடுவதை நிறுத்திவிட்டு, காத்திருப்பவரிடம் அந்தக் குரல் சொல்லும்: ஒருவர் வந்துகொண்டிருக்கிறார்.

நசீரின் வேன் கீழ்வளைவில் கவிழ்ந்த அன்றும் இதே பனி. குரல் முதலில் மாணிக்கத்தைத்தான் கூப்பிட்டது. சிக்னல் விட்டு விட்டு வந்ததில், ஏதோ கம்பெனி விளம்பரம் என்று அவர் நினைத்துவிட்டார். "சரிங்க, அப்புறம் பேசலாம், வாரேனுங்க" என்று சொல்லி வைத்துவிட்டார்.

மலையில் எல்லோரும் போனை அப்படித்தான் வைப்பார்கள். 'போறேன்' என்று சொல்லி யார் விடைபெறுவார்கள்? தாஹிராவும் சொன்னதில்லை. அதனால் அவரை அவள் ஒரு வார்த்தை கேட்டதில்லை.

அதிர்வு நின்றது.

யாரும் எடுக்காமலேயே அந்தப் பெண் குரல் பேசியது. மிளகுக்கு அடியிலிருந்து வந்ததால், மண்ணுக்குள்ளிருந்து பேசுவது போல இருந்தது.

"உங்களுக்கு அருகில் ஒருவர் உதவி கேட்கிறார். வருகிறீர்களா?"

"பேசாதீங்கம்மா," மாணிக்கம் கிசுகிசுத்தார். "எதை வேணாச் சொல்லுங்க. அந்த வார்த்தையை மட்டும் சொல்லிராதீங்க. சொன்னா போயாகணும்."

தாஹிரா கதவுக்கு ஓடினாள். தாழ் திறந்துதான் இருந்தது. கதவு அசையவில்லை. வெளிப்பக்கம் யாரோ முதுகைச் சாய்த்து உட்கார்ந்திருப்பது போலக் கனத்தது.

தோளைக் கொடுத்துத் தள்ளினாள். கதவிடுக்கு வழியே டீசல் வாடை வந்தது.

தூரத்தில் மாலை பஸ்ஸின் ஹாரன்.

அவள் கையிலிருந்த போன் ஒளிர்ந்தது. நசீபா.

"அம்மா, பஸ் ஏறிட்டியா?"

"இல்ல கண்ணு. கதவு..."

"எப்பம்மா வருவே?"

பதில் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. அப்போதுதான், மகளின் குரலுக்குப் பின்னால் யாரோ மூச்சு வாங்குவது கேட்டது. இழுத்து இழுத்து வந்த மூச்சு. அதற்கு நடுவே ஓர் ஆண் குரல், தனக்குத் தானே ஆறுதல் சொல்லிக்கொண்டது.

"ஆள் வாராங்களாம்... வாராங்களாம்..."

நசீர்.

தாஹிரா போனைக் காதோடு அழுத்தினாள். அவர் தனியாகத்தான் செத்தார் என்ற ஒன்றைத்தான் அவளால் தாங்க முடியாமலிருந்தது. ஒரே ஒரு சொல் சொன்னால் அவர் தனியாக இருக்க மாட்டார்.

"எப்பம்மா வருவே?" நசீபாவின் குரல் மறுபடி கேட்டது. மூன்றாவது தடவை அது நசீபாவின் குரலாக இல்லை.

"வருகிறீர்களா?"

அவள் உதடு பிரிந்தது. மாணிக்கத்தின் கை அவள் வாயைப் பொத்தியது. இன்னொரு கை போனைப் பிடுங்கியது.

"உங்களுக்குப் புள்ளை இருக்குதுங்கம்மா. அன்னைக்குச் சொன்னவன் நானு." போனைக் காதில் வைத்தார். "மொதலாளி, மாணிக்கம் பேசறேனுங்க. வாரேன். இந்தத் தடவை நெசமாலுமே வாரேனுங்க."

"நன்றி. ஒருவர் வந்துகொண்டிருக்கிறார்."

கதவு தானாகத் திறந்துகொண்டது. வெளியே யாரும் இல்லை.

மாணிக்கம் போனை அவள் கையில் திருப்பிக் கொடுத்தார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, செருப்பை மாட்டினார். விடை சொல்ல வாயெடுத்தவர், ஒன்றும் சொல்லாமல் பனிக்குள் இறங்கினார். செருப்புச் சத்தம் கொஞ்ச தூரம் கேட்டது. பிறகு அதனுடன் இன்னொரு காலின் சத்தமும் சேர்ந்துகொண்டது.

பனியால் நகர முடியாமல் பஸ் ரோட்டோரமாக நின்றிருந்தது. தாஹிரா ஏறிக்கொண்டாள்.

மறுநாள் காலை கீழ்வளைவுப் பள்ளத்தில் மாணிக்கத்தைக் கண்டெடுத்தார்கள். உடம்பில் ஒரு கீறல் இல்லை. மடியில் யாரோ தலை வைத்துப் படுத்திருப்பது போல, இரண்டு கைகளாலும் எதையோ தாங்கியபடி உட்கார்ந்திருந்தார்.

நசீரோடு சேர்த்துப் பதிந்து வைத்திருந்த தன் பெயரையும் அந்த ஏற்பாட்டிலிருந்து எடுக்கச் சொன்னாள் தாஹிரா. போனை அணைத்து மேசை மேல் போட்டாள். வீட்டில் அந்தச் சொல் கூடாது என்றாள். நசீபா காரணம் கேட்டு, கேலி செய்து, கடைசியில் ஒப்புக்கொண்டாள். காலேஜுக்குக் கிளம்பும்போது தலையை மட்டும் ஆட்டிவிட்டுப் போகப் பழகினாள்.

மழை ஓய்ந்த ஒரு காலை. பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. ஒரு செருப்பை மாட்டியபடியே, இன்னொன்றைக் கையில் எடுத்துக்கொண்டு நசீபா படியிறங்கி ஓடினாள்.

"வாரேன்மா!"

மேசை மேல், அணைத்து வைத்திருந்த போன் பேசியது.

"நன்றி. ஒருவர் வந்துகொண்டிருக்கிறார்."