ஈரக்கை

மாலை வெயில் இன்னும் பாறை மேல்தான் இருந்தது. என் மனைவியின் தம்பி நின்று மீன் பிடிக்கும் பாறை. போன வருடம் ஓர் அலை இங்கிருந்துதான் அவனை வாரிக்கொண்டு போனது. உடல் கிடைக்கவில்லை. கையோடு போன அவன் போனுக்கு அவள் இன்னும் ரீசார்ஜ் செய்துகொண்டிருக்கிறாள்.

"அவன் தூண்டில்லயே ஒரு மீன் புடிச்சு, அவன் பேரச் சொல்லி விட்டுட்டு வாங்க. எனக்கு மனசு ஆறும்" என்று என்னை அனுப்பியதும் அவள்தான்.

மச்சான் மீன் சாப்பிடவே மாட்டான். பிடிப்பதில் மட்டும் பைத்தியம். மீனின் வாய் கிழியாதிருக்க தூண்டில் முள்ளின் நுனியிலிருக்கும் சின்ன எதிர்க்கொக்கியை இடுக்கியால் நசுக்கி வைப்பான். காய்ந்த கையால் மீனைத் தொட்டால் சண்டைக்கு வருவான். ஒரு போட்டோ எடுத்துவிட்டு, தாடைக்கு அடியில் ஈரக்கையைக் கொடுத்து, தண்ணீருக்குள் முன்னும் பின்னும் மெல்ல அசைப்பான். அதுவாக உதறிக்கொள்ளும்வரை விடமாட்டான். அப்புறம் போட்டோ அக்காவுக்குப் போகும். கூடவே எப்போதும் ஒரே வரி: "விட்டாச்சுக்கா. நாளைக்கு மறுபடி புடிச்சுக்கலாம்."

"உன் தம்பிகிட்ட மாட்டுற மீனுக்கு நிம்மதியா சாகக்கூட வழியில்ல" என்று நான் கிண்டல் செய்வேன்.

சீக்கிரமே ஒரு மீன் மாட்டியது. மண்டியிட்டு, கையை நனைத்து, அவன் செய்வதைப் போலவே தண்ணீருக்குள் பிடித்துக்கொண்டேன்.

"போய்ட்டு வா மச்சான்" என்றேன்.

மீன் உதறிக்கொண்டு போய்விட்டது.

கையை எடுக்க முடியவில்லை.

தண்ணீருக்கடியில் ஏதோ என் மணிக்கட்டைப் பிடித்திருந்தது. வலிக்காத, பழக்கப்பட்ட பிடி. அழுகிய பாசி வாடை வந்தது. அலைச் சத்தம் சட்டென்று நின்றது.

அடுத்த நொடி கடல் என் தலைக்கு மேலே இருந்தது.

உதட்டோரம் சுருக்கென்று குத்தியது. தாடைக்கு அடியில் ஓர் உள்ளங்கை. அது என்னை மெல்ல அசைத்தது. முன்னே, பின்னே. செத்தேன் என்றே நினைத்தேன். வீட்டில் ஒருத்தி ஏற்கெனவே ஒருவனுக்காகக் காத்திருக்கிறாள் என்ற நினைப்பு வந்ததும் உடம்பு முழுக்க உதறினேன்.

கை விட்டது.

எப்படி வீடு வந்தேன் என்று தெரியவில்லை. வாசலில் அவள் போனும் கையுமாக நின்றாள். என் ஈரச் சட்டையை அவள் பார்க்கவே இல்லை.

"தம்பி நம்பர்லேர்ந்து வந்திருக்குங்க."

போட்டோவில் என் முகம். கண்கள் மூடியிருந்தன. வாயோரத்தில் தூண்டில் முள். தாடைக்கு அடியில் வெளுத்து ஊறிப்போன ஒரு கை. கீழே அதே வரி.

ஒரு வருடத்துக்குப் பிறகு அவள் முகத்தில் சிரிப்பைப் பார்த்தேன். அதுதான் எனக்கு அதிகப் பயமாக இருந்தது.

"அவன் அங்கதான் இருக்கான்" என்று கிசுகிசுத்தாள். "நாளைக்கு நானும் வரேன்."

வேண்டாம் என்று சொல்ல வாயைத் திறந்தேன். கண்ணுக்குத் தெரியாத ஒன்று என் உதட்டைக் கடல் பக்கமாக இழுத்தது.