வாய் வைத்த பேணி

வீடு பார்க்கப் போன அன்று சூரிச்சில் ஈரப்பனி கொட்டிக்கொண்டிருந்தது. லாங்ஸ்ட்ராஸவிலிருந்து பிரிகிற சிறிய தெரு அது. முனையில் இத்தாலியனின் பழக்கடை, அதையடுத்து ஒரு மலிவுச் சினிமாக் கொட்டகை, பிறகு வரிசையாக மதுச்சாலைகள். நடுப்பகலிலேயே உள்ளே யாரோ அக்கோர்டியன் வாசித்துக்கொண்டிருந்தார்கள். வாசல்களில் சாய்ந்து நின்ற பெண்கள் புகைவிட்டபடி போகிறவர் வருகிறவர்களைக் கூப்பிட்டுச் சிரித்தார்கள். சந்திரமதி வயிற்றைக் கோட்டால் மூடிக்கொண்டு கணவன் குகநாதனின் முதுகுக்குப் பின்னால் நடந்தாள்.

"இந்தத் தெருவில நித்திரை கொள்ளுறதுதான் கஷ்டம், தங்கச்சி," என்றார் வீட்டைத் தேடிப் பிடித்த உருத்திரமூர்த்தி அண்ணை. "ஆனா, தனிய இருக்கிறன் எண்டு ஒருநாளும் அழமாட்டாய்."

"அண்ணைக்கு எல்லாம் பகிடி," என்று குகநாதன் சிரித்தான்.

சந்திரமதிக்குச் சத்தம் ஒரு பொருட்டில்லை. அகதி விடுதியிலும், பிறகு இன்னும் இரண்டு குடும்பங்களோடு திரைச்சீலை கட்டிப் பிரித்த அறையிலும் அவள் இருந்து பார்த்துவிட்டாள். தொலைபேசியில் இவர்களுடைய அரைகுறை ஜெர்மன் மொழியைக் கேட்டவுடனேயே வீட்டுக்காரர்கள் தொடர்பை அறுத்துவிடுவார்கள். வசந்தத்தில் பிள்ளை பிறக்கும். பிள்ளையைக் கொண்டுவந்து கிடத்த, தாங்களே பூட்டித் திறக்கக்கூடிய ஒரு கதவு வேண்டும். அவள் கேட்டது அவ்வளவுதான்.

வீடு மூன்றாம் மாடியில் இருந்தது. ஒரு அறை, ஒரு சமையலறை. சுவர்களுக்குப் புது வெள்ளை அடித்திருந்தார்கள். அந்தக் குளிரிலும் சமையலறை ஜன்னல் அகலத் திறந்து கிடந்தது. பெயின்ட் மணத்துக்கு அடியில் வேறொரு மணம், நெடுநாள் மூடிவைத்த பெட்டியைத் திறந்ததுபோல.

தரை லினோலியம் பழையது, மஞ்சளித்தது. தண்ணீர்க் குழாய்க்குக் கீழே, ஹீற்றரின் பக்கத்தில் மட்டும் ஒரு துண்டு புதிதாக ஒட்டியிருந்தது. ஓர் ஆள் படுக்கக்கூடிய அளவு.

"ஹீற்றர் தட்டும்," என்றான் வீட்டைக் காட்டிய காவலாள், யாரும் கேட்காமலே. "சூடு ஏறும்போது அப்படித்தான். பழகிவிடும்."

குடிபோன அன்று அவள் பால் காய்ச்சினாள். பால் பொங்கி வழிந்தது. கீழே மதுச்சாலையில் கைதட்டிப் பாடினார்கள். குகநாதன் அது தங்களுக்காகத்தான் என்றான்.

மார்கழி முடிவதற்குள் செய்தி வந்தது. அவர்களிடம் தொலைபேசி இல்லை. கொழும்பிலிருந்து உருத்திரமூர்த்தி அண்ணை வீட்டுக்கு எடுத்துச் சொல்லியிருந்தார்கள். அவர் தொப்பியைக் கழற்றாமல் வாசலிலேயே நின்றார்.

"ஐயா மோசம் போயிட்டார், தம்பி. காய்ச்சலாம். தம்பிக்காரன்தான் கொள்ளி வச்சது."

 "மூத்தவன் நான்," என்று மட்டும் சொன்னான் குகநாதன்.

போக வழியில்லை. போனால் திரும்பி வரவும் வழியில்லை. ஊரில் செத்தவீட்டில் செய்வதை இங்கே செய்வதென்று முடிவெடுத்தான். கடவுச்சீட்டு அளவில் தகப்பனின் ஒரு படம் இருந்தது. மீசையில்லாத மெலிந்த முகம். ஊரிலிருந்து வரும்போது அவர் தந்துவிட்ட, தண்ணீர் குடிக்கும் சில்வர் பேணி ஒன்றும் இருந்தது. படத்தின் முன்னால் விளக்கு, பேணி நிறையத் தண்ணீர், தினமும் கொஞ்சம் சோறு. முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சடங்கு வரைக்கும்.

"எங்க வைப்பம்?" என்றாள் சந்திரமதி.

அவன் வீட்டைச் சுற்றிப் பார்த்தான். அறையில் கட்டில். சமையலறையில் சுத்தமான இடம் ஒன்றுதான் இருந்தது. அந்தப் புது லினோலியத் துண்டில் வைத்தார்கள்.

மறுநாள் காலையில் பேணியில் பாதித் தண்ணீர் இல்லை.

குகநாதன் அதன் முன்னால் முழந்தாளிட்டு அழுதான். செய்தி வந்த நாளிலிருந்து அப்போதுதான் அழுதான். "ஐயா வந்திருக்கிறார். இவ்வளவு கடல் தாண்டி என்னட்ட வந்து தண்ணி குடிச்சிருக்கிறார்."

"ஹீற்றர் சூட்டில வத்தியிருக்கும், இஞ்சாருங்கோ."

"ஹீற்றர் அரைப் பேணி குடிக்குமோ?"

 அவன் முகத்தில் வந்திருந்த அமைதியைக் கலைக்க அவளுக்கு மனம் வரவில்லை.

அவனுக்கு உணவகத்தில் கோப்பை கழுவுகிற வேலை. மத்தியானம் போனால் இரவுதான் வருவான். பின்னேரங்கள் அவளுடையவை. அப்படி ஒரு பின்னேரம், வெளிச்சம் மங்குகிற நேரத்தில், பின்னிக்கொண்டிருந்த குழந்தைச் சட்டையிலிருந்து அவள் தலையை நிமிர்த்தினாள். என்ன மாறியது என்று முதலில் புரியவில்லை.

தெருச் சத்தம் நின்றிருந்தது.

ஜன்னலுக்கு வெளியே மனிதர்கள் நடந்துகொண்டுதான் இருந்தார்கள். ஒரு பெண் வாயைத் திறந்து சிரித்தாள். பஸ் திரும்பியது. ஒன்றிலிருந்தும் ஒலி வரவில்லை. வீட்டைப் பஞ்சுக்குள் பொதிந்து வைத்ததுபோல இருந்தது.

டொக், டொக்.

பிறகு ஒரு நீண்ட இடைவெளி.

டொக்.

சமையலறை ஹீற்றர். காவலாள் சொன்ன அதே சத்தம்தான் என்று தனக்குச் சொல்லிக்கொண்டாள். ஆனால் அதைத் தொடர்ந்து வந்த சத்தம் ஹீற்றருடையது அல்ல. யாரோ உறிஞ்சிக் குடிக்கும் சத்தம் அது. அவசரமாக, மூச்சு வாங்க, இடையில் விழுங்க முடியாமல் தொண்டை அடைக்க.

தெருச் சத்தம் ஒரே அடியாகத் திரும்பி வந்தது. அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு போய்ப் பார்த்தாள். விளக்கு எரிந்துகொண்டிருந்தது. பேணி வெறுமையாக இருந்தது. விளிம்பில் ஒரு வாயின் அடையாளம். அகலமான, பிசுபிசுத்த அடையாளம். அதில் குட்டையான நரைமயிர் ஒன்று ஒட்டியிருந்தது.

அப்போதுதான் அவளுக்குக் குளிர்ந்தது.

கலியாணத்துக்குப் பிறகு சில மாதங்கள் அவள் மாமனாரோடு இருந்திருக்கிறாள். அவர் ஒருநாளும் பேணியில் வாய் வைத்துக் குடித்ததில்லை. தலையை அண்ணாந்து, ஒரு முழ உயரத்திலிருந்து ஊற்றிக்கொள்வார். ஒரு சொட்டு சிந்தாது. யாராவது பேணியில் வாய் வைத்தால், எச்சில் பண்ணுறியோ என்று முற்றத்தில் நின்றே கத்துவார்.

இரவு குகநாதன் வந்ததும் சொன்னாள்.

"நீர்தான் வாய் வச்சிருப்பீர்," என்றான்.

"எனக்கு நரைச்ச மீசையோ இருக்குது?"

 பேணியை எடுத்து, வேலையிடத்தில் கழுவுவதுபோலச் சுடுதண்ணீரில் நெடுநேரம் கழுவினான். திரும்ப நிரப்பி வைத்தான். இருவரும் ஒரே கட்டிலில் முதுகைக் காட்டிப் படுத்திருந்தார்கள். கீழே பாட்டு நடந்துகொண்டிருந்தது.

அவனுடைய ஓய்வு நாளில், பின்னேரம், இருவரும் சமையலறை வாசலில் உட்கார்ந்தார்கள். அவன் தகப்பனிடம் பேச வேண்டியதை மனதுக்குள் அடுக்கி வைத்திருந்தான் என்பது அவளுக்குத் தெரிந்தது. சவரம் செய்து, நெற்றியில் திருநீறு பூசியிருந்தான்.

வெளிச்சம் மங்கியது.

அக்கோர்டியன் பாதிப் பாட்டில் அறுந்தது.

டொக், டொக். இடைவெளி. டொக்.

"ஐயா," என்றான் குகநாதன், குரல் உடைய.

பேணி மெல்லச் சாய்ந்தது. கவிழவில்லை. தரையோடு தரையாக ஒருக்களித்துக் கிடக்கும் ஒருவரின் வாய்க்கு எட்டுகிற அளவுக்குச் சாய்ந்தது. விளிம்பில் மூச்சின் ஆவி படிந்தது. உறிஞ்சும் சத்தம் கேட்டது.

அண்ணாந்து குடிக்கும் ஒருவர் அல்ல அது.

குகநாதனின் விரல்கள் அவள் மணிக்கட்டை நசுக்கின. பேணி திரும்ப நிமிர்ந்து நின்றபோது, அவன் சொன்னதை அவள் உதட்டசைவில்தான் படித்தாள்.

"ஆரப்பா இது?"

எதிர்வீட்டில் லூச்சியா என்ற இத்தாலியக் கிழவி இருந்தாள். அவர்கள் கதவைத் தட்டியதும், எதற்கு வந்தார்கள் என்று தெரிந்தவள்போல உள்ளே கூப்பிட்டாள். அவளுடைய ஜெர்மனும் இவர்களுடையதைப்போல அரைகுறைதான். அதனால் எல்லாம் புரிந்தது.

எக்லி என்று ஒரு முதியவர். அந்த வீட்டில் தனியாக இருந்தவர். பெரிய நரைமீசை. போன குளிர்காலத்தில் சமையலறையில் விழுந்து இடுப்பு உடைந்துவிட்டது. கையில் ஒரு கரண்டி இருந்திருக்கிறது. அதனால் ஹீற்றரைத் தட்டியிருக்கிறார். நாட்கணக்கில்.

"எனக்குக் கேட்டது," என்றாள் லூச்சியா. "எல்லோருக்கும் கேட்டது. ஹீற்றர் என்று நினைத்தோம். கீழே பாட்டு. எப்போதும் பாட்டு."

தன் கைகளைப் பார்த்தபடி தொடர்ந்தாள்.

"தண்ணீர்க் குழாய் அவர் தலைக்கு நேர் மேலே இருந்தது. எட்டவில்லை. பிணத்தை எடுத்தபோது நாக்கு மரக்கட்டைபோல ஆகியிருந்ததாம்."

படியில் நின்று சந்திரமதி சொன்னாள்: "போயிடுவம்."

"எங்க?" என்றான் குகநாதன்.

 வெளியே பனி. அவள் வயிற்றில் எட்டு மாதம்.

அந்தியேட்டியை உருத்திரமூர்த்தி அண்ணையின் வீட்டில் முடித்தார்கள். படத்தையும் விளக்கையும் எடுத்தார்கள். பேணியைக் கழுவி அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினார்கள். தகப்பனை அனுப்பியாகிவிட்டது. கூடவே மற்றவரும் போய்விடுவார் என்று நம்பினார்கள்.

முதலில் சாமிப்படத்துக்கு வைத்த பூவின் தண்ணீர் வற்றியது. பிறகு கேத்தலில் ஊற்றி வைத்தது. ஊறவைத்த பயறு காலையில் காய்ந்து கிடந்தது. சந்திரமதிக்குத் தாகம் பிடித்தது. எவ்வளவு குடித்தாலும் அடங்காத தாகம். உதடு வெடித்து இரத்தம் கசிந்தது. பின்னேரங்களில் தட்டும் சத்தம் இப்போது சமையலறையில் நிற்கவில்லை. ஹீற்றர்க் குழாய் வழியே அறைக்கு வந்தது. கட்டிலின் தலைமாட்டுக்கு வந்தது.

டொக், டொக். இடைவெளி. டொக்.

ஒருநாள் வயிற்றுக்குள் பிள்ளை உதைத்தது. இரண்டு உதை. இடைவெளி. ஒன்று.

அவள் எழுந்துபோய் அலுமாரியைத் திறந்து, பேணி நிறையத் தண்ணீர் பிடித்து, அந்தப் புதுத் துண்டில் வைத்தாள். சிரமப்பட்டுக் குனிந்து தரையைப் பார்த்துக் கதைத்தாள். எந்த மொழியில் கதைப்பது என்று யோசிக்கவில்லை.

"இந்தாங்கோ, குடியுங்கோ. ஒவ்வொருநாளும் வைப்பன். என்ர பிள்ளையை மட்டும் விடுங்கோ."

ஹீற்றரில் ஒரே ஒரு தட்டு கேட்டது.

அவள் வாக்கை மீறவில்லை. பிள்ளை பிறக்க ஆஸ்பத்திரிக்குப் போகும்வரை ஒருநாளும் தவறவில்லை. குகநாதன்தான் தவறினான். அந்த வீட்டில் தனியே படுக்கப் பயந்து, உருத்திரமூர்த்தி அண்ணையின் வீட்டில் தங்கிவிட்டான். அதை அவளிடம் சொன்னது, மகளைக் கையில் ஏந்திக்கொண்டு மாடிப்படி ஏறும்போது.

"ஒருநாள்கூட வைக்கேல்லையோ?"

அவன் தலை குனிந்தான்.

கதவைத் திறந்தார்கள். ஒன்றும் நடந்திருக்கவில்லை. அவள் கோட்டைக்கூடக் கழற்றாமல் பேணியை நிரப்பி வைத்தாள். மறுநாள் காலையில் பேணி நிறைந்தே இருந்தது. அதற்கு மறுநாளும் அப்படியே. தண்ணீரில் தூசி மிதந்தது. பின்னேரங்களில் தட்டும் சத்தம் இல்லை. தெருச் சத்தம் ஒருதரமும் நிற்கவில்லை.

"போயிட்டார்போல," என்றான் குகநாதன், இரகசியம் சொல்வதுபோல.

அவள் சமையலறை ஜன்னலைத் திறந்தாள். மதுச்சாலைப் பாட்டு, பழக்கடைக்காரனின் கூப்பாடு, பெண்களின் சிரிப்பு எல்லாம் உள்ளே வந்தன. அண்ணை சொன்ன பகிடி நினைவுக்கு வந்தது. சிரித்தாள்.

மகள் நன்றாகப் பால் குடித்தாள். முலையில் குடித்து, போத்தலிலும் குடித்தாள். குடித்து முடித்ததும் அழுதாள். வைத்தியர் நல்ல பசி என்று சொல்லிச் சிரித்தார். பசியில் பிள்ளைகள் அழுவதைச் சந்திரமதி பார்த்திருக்கிறாள்; இது அந்த அழுகை இல்லை. மகளுடைய உதடு எப்போதும் காய்ந்து தோலுரிந்திருந்தது. மல்லாத்திக் கிடத்தினாலும் ஒருக்களித்துத்தான் குடிப்பாள். ஒவ்வொரு மிடறிலும் தொண்டை அடைக்கும். அந்தச் சத்தத்தை எங்கே கேட்டோம் என்று நினைக்க அவள் தன்னை விடவில்லை.

மறுபடி குளிர் தொடங்கியது. மகள் தவழ ஆரம்பித்திருந்தாள். ஒரு பின்னேரம் சந்திரமதி அறையில் துணி மடித்துக்கொண்டிருந்தாள். குகநாதன் வேலையில். பிள்ளை சமையலறையில் விளையாடிக்கொண்டிருந்தது.

கையிலிருந்த துணியை மடிக்காமல் நின்றாள்.

தெருச் சத்தம் நின்றிருந்தது.

டொக், டொக்.

இடைவெளி.

டொக்.

அவள் சமையலறை வாசலுக்குப் போனாள். புது லினோலியத் துண்டில், கன்னம் தரையில் ஒட்ட, மகள் ஒருக்களித்துக் கிடந்தாள். கையில் கரண்டி. மெல்லத் தூக்கி ஹீற்றரில் தட்டினாள். ஒரு முதியவரின் பொறுமையோடு.

குழந்தையின் கண்கள் அம்மாவைப் பார்க்கவில்லை. தலைக்கு நேர் மேலே, எட்டாத உயரத்தில் இருந்த தண்ணீர்க் குழாயைப் பார்த்துக்கொண்டிருந்தன.