ஒன்றுமே செய்யாத நிரல்

ஒன்றுமே செய்யாத அந்த நிரலின் அளவு நேற்று வரை நூற்றிருபது பைட். இன்று நாலாயிரம். பக்கத்திலேயே, ஒரு குறையும் இல்லை என்பதுபோல, பச்சை நிறத்தில் ஒரு டிக்.

அவள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடி போட்டுக்கொண்டு பார்த்தாள். நாலாயிரம்தான். ஒன்று கூடவில்லை, ஒன்று குறையவில்லை.

சனிக்கிழமை மத்தியானம். அலுவலகத்தில் அவளைத் தவிர ஈ காக்கை இல்லை. வரிசை வரிசையாக அணைந்துகிடந்த திரைகள், நாற்காலி முதுகில் யாரோ மறந்துவிட்டுப் போன ஸ்வெட்டர், ஏசியிலிருந்து காயாத துணியின் வாடை, அதனோடு ஏதோ ஒரு கோப்பையின் அடியில் இரண்டு நாளாகப் புளித்துக்கொண்டிருந்த காப்பியின் வாடை. ஜன்னலுக்கு வெளியே மழை வருவதா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்தது.

கதவுகளுக்கு மின்பூட்டு செய்கிற நிறுவனம் அது. மனிதர்கள் எழுதும் வரிகளை, பூட்டுக்குள் இருக்கும் சில்லுக்குப் புரிகிற எண்களாக மாற்றித் தருவது கம்பைலர். மாற்றும்போது சில சமயம் கேட்காததையும் சேர்த்து ஊதிவிடும். ஊதியிருக்கிறதா என்று எடை போட்டுப் பார்ப்பதுதான் அவள் வேலை. அதனால் அலுவலகத்தில் அவளுக்குத் 'தராசு' என்று பெயர். அவளிடம் படிக்கல்லாக இருந்தது ஒரு வெற்று நிரல். தொடங்கு, முடி. வேறு ஒன்றும் கிடையாது. அதற்கு அறுபத்து நாலு பைட் போதும். அதைத் தாண்டினால் சோதனை சிவப்பு காட்டும்.

போன மாதம் அது எழுபத்தொன்று ஆனபோதே அவள் குதித்தாள்.

"ஏழு பைட்டுக்கா இந்தக் கூத்து?" என்று மேலாளர் சிரித்தார். "என் பேரை எழுதவே அதைவிட அதிகமா ஆகும். விடும்மா தராசு."

சோதனையைப் பச்சையாக்க அங்கே எல்லோருக்கும் தெரிந்த குறுக்குவழி ஒன்று உண்டு. நிரலைக் குறைக்க வேண்டாம், வரம்பைக் கூட்டினால் போதும். வரம்பு எண்பது ஆயிற்று. மறுநாள் நிரலும் எண்பது. வரம்பு நூற்றிருபது. மறுநாள் நிரலும் நூற்றிருபது. இடத்தைக் கொடுத்தால் மடத்தைப் பிடுங்கும் என்பார்கள். இது பிடுங்கவில்லை. கொடுத்த இடத்தில் சுவரோடு சுவராக ஒட்டி உட்கார்ந்துகொண்டு, அடுத்த இடத்துக்காகக் காத்திருந்தது. அதுதான் அவளைத் தூங்கவிடவில்லை.

இப்போது வரம்பை நாலாயிரமாக்கியது யார்?

பதிவேட்டைத் திறந்தாள். நேற்று மாலை ஏழு பத்து. அவள் கணவனின் பெயர். பூட்டின் நிரலை எழுதும் குழுவுக்கு அவன்தான் தலைவன். காரணம் எழுதும் இடத்தில், 'தராசு அம்மாவின் மன நிம்மதிக்காக' என்று எழுதி, பக்கத்தில் ஒரு சிரிக்கும் முகம்.

அவளுக்குக் காது மடல் சூடேறியது. ஏழு பத்துக்கு இதைச் செய்துவிட்டு எட்டு மணிக்கு வீட்டுக்கு வந்தான். எதிரே உட்கார்ந்து சாப்பிட்டான். பாத்திரம்கூடக் கழுவிக் கொடுத்தான். வாயைத் திறக்கவில்லை. சோதனை பச்சையானால், அதே கம்பைலர் மாற்றித் தரும் பூட்டு நிரல் தானாகவே ஆறு ஊழியர்களின் வீட்டுக் கதவுகளுக்கு வெள்ளோட்டமாகப் போய்விடும். அந்த ஆறில் ஒன்று அவர்கள் வீடு. திங்கட்கிழமை நாற்பதாயிரம் வீடுகள். வீட்டில், அந்தப் பூட்டுக்குப் பின்னால், காய்ச்சலோடு அவர்களுடைய ஆறு வயதுக் குட்டி படுத்திருந்தது.

போன் போட்டாள்.

"யாரைக் கேட்டு வரம்பை ஏத்துனீங்க?"

"அடடா, கண்டுபிடிச்சாச்சா? சனிக்கிழமைகூட ஒரு மனுஷனை நிம்மதியா இருக்க விடமாட்டியா?"

"சிரிக்காதீங்க. எனக்குப் பத்திக்கிட்டு வருது. குட்டிக்கு எப்படி இருக்கு?"

"நூத்தி ஒண்ணு. இப்பதான் தூங்குது. தூங்கவிட்டாத்தானே? காலையில இருந்து வாசக்கதவு சும்மா சும்மா டக்குனு அடிச்சுக்குது."

"என்னது?"

"பூட்டுதாம்மா. பேட்டரி போயிருக்கும். எல்லாத்துக்கும் பேயறைஞ்ச மாதிரி ஆகாதே."

"ஒரு மாசமா கத்துறேன். வீட்டுலயும் மதிப்பில்ல, ஆபீஸ்லயும் மதிப்பில்ல. நீங்க எல்லாரும் சேர்ந்து என்னைப் பைத்தியக்காரி ஆக்குங்க!"

வைத்துவிட்டாள்.

நாலாயிரம் பைட்டையும் பிரித்துத் திரையில் வரிசையாகப் போட்டாள். குப்பையாக இருக்கும், எதையாவது இரண்டு முறை ஒட்டியிருக்கும் என்று எதிர்பார்த்தாள். அப்படி இல்லை. பூட்டின் நாக்கை, அதாவது கதவுச் சட்டத்துக்குள் நுழைகிற அந்த எஃகுத் துண்டை, மயிரிழை வெளியே தள்ளுவதற்கு ஒரு கட்டளை உண்டு. உள்ளே இழுப்பதற்கு ஒன்று உண்டு. இங்கே முதல் கட்டளை மட்டும் இருந்தது. தள்ளு. தள்ளு. தள்ளு. பக்கம் பக்கமாக அதேதான். இழு என்று ஓரிடத்திலும் இல்லை. எழுதியவர் யார் என்று தேடினாள். யாருமே எழுதவில்லை.

டக்.

அவள் திரும்பினாள். மேசையின் மறுகோடியில், மரப்பலகையில் திருகி வைத்திருந்த சோதனைப் பூட்டு. அதற்கு அந்த வெற்று நிரலே போயிருந்தது. நாக்கு முழுதாக வெளியே நீண்டிருந்தது. மூன்று விரற்கடை. அதற்கு மேல் அதனால் நீள முடியாது, அவ்வளவுதான் இரும்பு. ஆனாலும் உள்ளே மோட்டார் முக்கிக்கொண்டிருந்தது. ம்ம்ம். டக். ம்ம்ம். டக். மூடிய கதவைத் தோளால் முட்டிப் பார்ப்பவனைப்போல.

"முட்டு," என்றாள் அவள் பல்லைக் கடித்துக்கொண்டு. "இனி ஒரு பைட்கூட உனக்குத் தரமாட்டேன்."

புதிதாக வேலைக்குச் சேர்பவனுக்கு முதல் நாளே சொல்லித்தரும் பாடம் ஒன்று உண்டு. கதவில் இருக்கும் பூட்டின் நிரலை மாற்றுவதற்கு முன்னால் கதவைத் திறந்து வை. பத்து வருஷமாக அவளே அதைச் சொல்லிக்கொடுத்திருக்கிறாள். ஆத்திரக்காரிக்குப் புத்தி மட்டு. வரம்பு இருந்த இடத்தில் நாலாயிரத்தை அழித்து, அறுபத்து நாலு என்று விசைப்பலகை அதிர அடித்தாள். கம்பைல் ஓடியது. அளவு அறுபத்து நாலு. பச்சை டிக். ஆறு வீடுகளுக்கும் போய்ச் சேர்ந்தது என்று செய்தி வந்தது.

மோட்டார் நின்றது. அலுவலகம் முழுக்க நிசப்தம்.

ஜெயித்துவிட்டோம் என்று ஒரு நிமிஷம், ஒரே ஒரு நிமிஷம், நாற்காலியில் சாய்ந்தாள். நாலாயிரத்தில் அறுபத்து நாலு போக மிச்சம் எங்கே போயிற்று என்ற கேள்வி அப்போதுதான் வந்தது.

ஸ்ஸ்ஸ்.

மோட்டார் சத்தம் இல்லை. இரும்பு மரத்தில் உரசுகிற சத்தம்.

நாக்கு நாலு விரற்கடை இருந்தது.

அவள் பாய்ந்து பேட்டரியைப் பிடுங்கினாள். ஸ்ஸ்ஸ். வயரைப் பிடுங்கினாள். ஸ்ஸ்ஸ். ஐந்து விரற்கடை. ஒரு சாண். அந்தப் பூட்டின் பெட்டியே ஒரு சாண் கிடையாது. நாக்கு பளபளவென்று, எண்ணெய் மணத்தோடு, அவசரமே இல்லாமல் வந்துகொண்டிருந்தது. காப்பிக் கோப்பையைத் தொட்டது. தள்ளியது. கோப்பை மேசை விளிம்புவரை நகர்ந்து கீழே விழுந்து உடைந்தது. அது நிற்கவில்லை.

போன் அடித்தது. அவன்.

"ஏய், பூட்டை என்ன பண்ணின? மருந்து வாங்க அஞ்சு நிமிஷம் வெளிய வந்தேன். திரும்பி வந்தா கதவு திறக்க மாட்டேங்குது."

"குட்டி?"

"உள்ளதான். தூங்குது. இதென்ன, சட்டத்துக்குள்ள ஏதோ அறுக்கிற மாதிரி..."

கதவுச் சட்டத்துக்கு அந்தப் பக்கம் குழந்தையின் அறை. சுவரை ஒட்டிக் கட்டில். குளிர்ச்சியாக இருக்கிறது என்று காய்ச்சலில் அது எப்போதும் தலையணையில் சுருட்டைத் தலையைச் சுவரோடு வைத்துத்தான் படுக்கும்.

"கதவை உடைங்க," என்றாள். "உடைங்க! ஜன்னல் பக்கம் போய்க் கூப்பிடுங்க. எழுந்துக்கச் சொல்லுங்க!"

"ஜன்னல் சாத்தியிருக்கு. என்ன ஆச்சு? சொல்லித் தொலை!"

"உடைங்க!"

இடி. அவன் தோளால் மோதுகிற சத்தம். இடி. இடி. "குட்டி! குட்டிம்மா! எழுந்திரு!" அதற்கு அடியில், போனுக்குள், ஸ்ஸ்ஸ். மேசையிலும் ஸ்ஸ்ஸ். ஒரே மூச்சாக.

அவள் போனை ஸ்பீக்கரில் போட்டு மேசையில் வைத்துவிட்டு, நாக்கை இரண்டு கையாலும் பிடித்து இழுத்தாள். உள்ளங்கை கிழிந்தது. அது அவளையும் சேர்த்துத் தள்ளியது. செருப்பு தரையில் வழுக்கியது. முதுகு மேசைகளுக்கு நடுவிலிருந்த தடுப்புப் பலகையில் முட்டியது. விட்டாள். அவள் விலகியதும் அது தடுப்புப் பலகைக்குள் நுழைந்தது.

போனில் காரை உதிர்ந்தது. பொலபொலவென்று. பிறகு நின்றது.

இடி. "குட்டிம்மா!"

தூக்கக் கலக்கத்தில், வெகு தூரத்தில், "அப்பா?" என்று ஒரு குரல்.

போனில் துணி கிழிந்தது.

அவள் தடுப்புப் பலகையின் மறுபக்கத்துக்கு ஓடினாள். யாரும் உட்காராத மேசை. அணைந்த திரை. பலகையைத் துளைத்துக்கொண்டு வந்த எஃகு நுனி, அவள் கண்ணெதிரே மெல்ல நீண்டது. அதன் முனையில் கொத்தாக வெள்ளைப் பஞ்சு ஒட்டியிருந்தது. பஞ்சுக்குள், காய்ச்சல் வியர்வையில் ஈரமாக, சுருள் சுருளாகக் கொஞ்சம் முடி.