வெறுங்கழுத்து

அவள் பெயரைச் சொல்லும்போது மட்டும் இவர் குரல் ஏன் இப்படிக் குழைகிறது?

அடுப்பில் சோளக் கஞ்சி அடிபிடிக்கத் தொடங்கியிருந்தது. வெர்னெல் கிளறவில்லை. பின்வாசல் படியில் முதுகைக் காட்டி உட்கார்ந்தபடி அவள் கணவர் க்ளீவன் போனில் பேசிக்கொண்டிருந்தார்.

"டொரெத்தா... இந்த உதவியைச் சாகற வரைக்கும் மறக்கமாட்டேன்..."

இந்த வாரம் முழுக்க இதே கொஞ்சல்தான். டொரெத்தா, அவருடைய முதல் மனைவி.

அமெரிக்கக் கால்பந்தில், பந்தோடு பாய்ந்து வருகிறவனை இடித்துச் சாய்க்கும் லைன்பேக்கராக அவர் கொடிகட்டிப் பறந்த காலமெல்லாம் டொரெத்தாவுடையது. அணி கோப்பையை வென்றபோது, அத்தனை கேமராக்களுக்கும் முன்னால் அவர் தோளில் சாய்ந்து அழுதவள் அவள். ஆட்டத்திலிருந்து ஓய்வு பெற்று, அலபாமாவில் இந்தச் சொந்த ஊருக்கே அவர் திரும்பி, முழங்கால்கள் இரண்டும் தேய்ந்த பிறகு வந்தவள் வெர்னெல். விரல்கள் கோணிப்போனதால் அவரால் சட்டைப் பொத்தான் போட முடியாது, அவள்தான் போட்டுவிடுகிறாள். தலைவலி வரும் நாட்களில் திரைச்சீலைகளை மூடிவிட்டு வீட்டுக்குள் வெறுங்காலோடு நடக்கிறாள். பள்ளிச் சமையலறையில் கிடைக்கவிருந்த பதவி உயர்வையும் அவருக்காகவே வேண்டாமென்றாள்.

கைதட்டலெல்லாம் அவளுக்கு... கால்வலி மட்டும் எனக்கா!

"என்னடி, கஞ்சி தீயுது, பேயடிச்ச மாதிரி நிக்கிற?" காரை நிறுத்திவிட்டு உள்ளே வந்த க்ளீவனின் அக்கா இமோஜீன் அடுப்பை அணைத்தாள்.

"தீயட்டும் அக்கா. ஐயாவுக்கு இப்ப வேற வீட்டுச் சாப்பாடுதான் ருசிக்குது."

க்ளீவன் நொண்டிக்கொண்டே உள்ளே வந்தார். "என்ன பேச்சு இது, வெர்னெல்?"

"பொய்யா? நாளைக்குப் பழைய டீமெல்லாம் ஒண்ணு கூடுதே, அவளையே கூட்டிட்டுப் போங்க! உங்க கூட்டாளிங்களுக்கு அவளைத்தானே தெரியும்? நான் யாரு... பொத்தான் போடற நர்ஸுதானே!"

அந்தப் பெரிய முகம் துடித்தது. அக்காவைப் பார்த்தார்.

இமோஜீன் கைப்பையிலிருந்து ஒரு வெல்வெட் பெட்டியை எடுத்துத் திறந்தாள். நீலக் கற்கள் பதித்த தங்கப் பதக்கம், மெல்லிய சங்கிலியோடு. கோப்பை வென்ற வருடம் வீரர்களுக்கு மோதிரமும், மனைவிமார்களுக்கு அதே வேலைப்பாட்டில் பதக்கமும் கொடுத்தார்கள். ஒன்றுகூடும்போதெல்லாம் பதக்கம் போட்ட மனைவிமார்கள் வரிசையாக நின்று படம் எடுத்துக்கொள்வது வழக்கம்.

"போன தடவை அவளுங்க கைப்பையெல்லாம் வாங்கி வச்சுக்கிட்டு ஓரமா நின்னியாமே? அதைப் பாத்ததிலேர்ந்து இவனுக்கு மனசு ஆறலடி! உனக்காகத்தான் அவகிட்ட கெஞ்சினான். இப்பதான் அவ வீட்டு வாசல்ல நின்னு வாங்கிட்டு வரேன்."

வெர்னெல் பதக்கத்தையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தாள். யாருக்கும் தலை வணங்காத மனுஷன்... எனக்காகவா அவள்கிட்ட!

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே..."

"சொன்னா நீ விட்டிருப்பியா?" க்ளீவனின் கண்கள் நிறைந்தன. "நீ ஓரமா நின்னதை இன்னொரு தடவை என்னால பாக்க முடியாது."

அவள் அவர் மார்பில் முகம் புதைத்து விம்மினாள். அத்தனை நாள் நெஞ்சை அரித்த பொறாமை அந்த ஈரத்தில் கரைவது போலிருந்தது. அவர் சங்கிலியை எடுத்து அவள் கழுத்தைச் சுற்றிக் கொண்டுவந்தார். கோணல் விரல்களுக்குக் கொக்கி அகப்படவில்லை.

"அக்கா, நீ மாட்டிவிடு."

சில்லென்று பதக்கம் தோலில் பட்டது. வெர்னெல் கண்ணைத் துடைத்துக்கொண்டு, நீண்டு வந்த இமோஜீனின் கையை மெல்லப் பிடித்து நிறுத்தினாள்.

"வேண்டாம் அக்கா."

"ஒரே ஒரு படத்துக்குத்தான்டி! இல்லேன்னா உன்னை வரிசையில சேக்கமாட்டாளுங்க."

"அந்த வருஷம் டொரெத்தாவோடது. அதை அவகிட்டயே கொடுத்துடுங்க." குரலில் கோபமில்லை. சங்கிலியைப் பெட்டியில் வைத்து மூடினாள். கணவர் பக்கம் திரும்பினாள்.

"நாளைக்கு நான் வரேன். அந்த வரிசையில வெறுங்கழுத்தோட நிப்பேன். இவ யாருன்னு யாராவது கேட்டா... நீங்க சொல்லுங்க."