விமானி அறைக்கு ஒரு குறைக்காரர்

மின்னாக்கி ஒன்று செத்து மின்சாரம் குறைந்ததும் விமானத்தில் முதலில் இருண்டது விமானி அறைதான். பின்னால் தேநீர் கொதிகலன் ஜம்மென்று ஓடிக்கொண்டிருந்தது.

இதில் வியக்க என்ன இருக்கிறது? அழுத பிள்ளைதானே பால் குடிக்கும்! அந்தப் பழமொழியைத்தான் இயந்திரமாக்கி, 'குறையறி' என்று பெயரும் வைத்திருக்கிறோம். குடிநீர்க் குழாயில் தொடங்கிய கூத்து இது. எந்தத் தெரு அதிகம் புலம்புகிறதோ அந்தத் தெருவுக்குத் தண்ணீர். பிறகு பேருந்து, ஆஸ்பத்திரி, கடைசியில் விமானம். ஒவ்வொரு இருக்கையிலும் குரலையும் நாடியையும் கவனிக்கும் உணரி உண்டு. நடிப்பு செல்லாது, நிஜமாகவே வயிறெரிந்தால்தான் மின்சாரம். கையால் அணைக்கும் விசைகளை, இனி எதற்கு என்று கழற்றியும்விட்டார்கள்.

விமானி அறைக்கு விதிவிலக்கு கேட்டிருந்தால் கிடைத்திருக்கும். விமானிகள்தான் கேட்கவில்லை. அவர்கள் குறை சொல்லிப் பழகாதவர்கள்.

"மேடம், உயரம் காட்டுற திரையும் போச்சு," என்றான் துணை விமானி இர்ஃபான்.

திருச்சியிலிருந்து சிங்கப்பூருக்குப் புறப்பட்ட விமானத்தைச் சென்னைக்குத் திருப்பியிருந்தார் கேப்டன் செல்வாம்பிகை. சென்னையை மழைமேகம் போர்த்தியிருந்தது. திரைகள் இல்லாமல் அதற்குள் இறங்குவது கண்ணைக் கட்டிக்கொண்டு கிணற்றில் குதிப்பதுதான்.

"விமானி அறைக்கு மின்சாரம் போதவில்லை," என்று குறையறியிடம் சொன்னார்.

"தங்கள் குரலில் மனக்குறை தென்படவில்லை. இனிய பயணம் அமையட்டும்."

எப்படித் தென்படும்? எது நடந்தாலும் பதறாதே என்று எத்தனை வருஷப் பயிற்சி! இர்ஃபான் தொண்டை கிழியக் கத்திப் பார்த்தான்.

"அச்சம் பதிவாகியுள்ளது. அச்சம் குறையாகாது," என்றது அந்தச் சனியன்.

செல்வாம்பிகை பயணிகளிடம் பேசினார். "மின்சாரம் குறைவா இருக்கு. பத்திரமா இறங்கணும்னா எங்களுக்குத் திரை தெரியணும். தயவுசெஞ்சு கொஞ்ச நேரம் யாரும் குறை சொல்லாம இருங்க."

அவ்வளவுதான். "டிக்கெட்டும் வாங்கிட்டு வாயையும் மூடணுமா?" என்று ஒருவர் எழுந்தார். குறை சொல்லக் கூடாது என்பதே எல்லோருக்கும் பெரிய குறையாகிவிட்டது. விமானி அறையில் இருந்த ஒரே விளக்கும் மங்கியது.

நல்ல மனசுக்காரர்கள் சிலர் இருக்கத்தான் செய்தார்கள். "ஐயோ, எனக்கு வேணாம்ப்பா, அவங்களுக்குக் குடு!" என்று கெஞ்சினார்கள்.

"அது தங்கள் இருக்கை அல்ல," என்றது குறையறி.

அடுத்தவனுக்காக ஒருவன் வயிறெரிவான் என்று இதைச் செய்தவர்களுக்குத் தோன்றவேயில்லை. அவர்களை மட்டும் சொல்வானேன்? இத்தனை வருஷத்தில் நாமும் ஒருநாள் அப்படிக் கேட்டுப் பார்த்ததில்லையே! கேட்டிருந்தால் இந்த ஓட்டை அப்போதே தெரிந்திருக்கும். எரிச்சல்தான் வருகிறது.

இர்ஃபானுக்கு அப்போதுதான் பொறி தட்டியது. பணிப்பெண் ரோஸ்லினைக் கூப்பிட்டான். "பின்னாடி ரொம்பக் கத்துறது யாரு?"

"நாச்சியப்பன் சார். ஏறினதுலேர்ந்து வாய் ஓயல."

"அவரைக் கூட்டிட்டு வந்து இங்க உட்கார வைங்க. இது அவர் இருக்கைன்னு ஆயிட்டா, அவர் குறை இந்த அறைக்குத்தானே சேரும்?"

நாச்சியப்பனுக்குக் காரைக்குடியில் இரும்புக்கடை. சிங்கப்பூரில் இருக்கும் மகளுக்கு வளைகாப்பு. சீர்ப்பெட்டியோடு கிளம்பியவரைச் சென்னைக்குத் திருப்பினால் சும்மா இருப்பாரா?

"ஏம்மா, என்னைய எதுக்கு இந்தப் பொந்துக்குள்ள அடைக்கிறீக? காலு நீட்ட எடமில்ல, காத்து இல்ல, ஒரு வாய் காப்பி கேட்டா கழனித்தண்ணியக் குடுக்குறீக! இதெல்லாம் ஒரு விமானமா?"

பளீரென்று எல்லாத் திரைகளும் எரிந்தன. செல்வாம்பிகை விமானத்தை மேகத்துக்குள் இறக்கினார்.

ஆனால் குறையறி கொடுத்தது வெளிச்சம் மட்டுமா? நாச்சியப்பனின் தலைக்கு மேலிருந்து குளிர்காற்றும் ஜிலுஜிலுவென்று வந்தது, இருக்கையும் தானே பின்னால் நகர்ந்து இடம் விட்டது. அவர் காலை நீட்டினார்.

"அப்பாடா. இப்பத்தான் உசிரு வந்துச்சு. நல்லாத்தான் பாத்துக்கிறீக."

திரைகள் மங்கின. வெளியே வெள்ளைப் புகைமூட்டத்தைத் தவிர எதுவும் தெரியவில்லை.

"ஐயா, திட்டுங்க! ஏதாவது திட்டுங்க!" என்று இர்ஃபான் கதறினான்.

"எதுக்குத் தம்பி? இப்ப ஒரு குறையும் இல்லையே."

உயரத் திரை அணைந்தே போனது. செல்வாம்பிகை திரும்பிப் பார்க்கவில்லை. பொய் சொல்லிப் பழகாதவர், அதே பதறாத குரலில் சொன்னார்.

"ஐயா, உங்க சீர்ப்பெட்டி திருச்சியிலேயே நின்னுபோச்சு. ஏத்த மறந்துட்டோம்."

நாச்சியப்பன் நீட்டிய காலை வெடுக்கென்று மடக்கினார். பிறகு வந்ததே வசை! பெற்ற பெண்ணின் முகத்தில் எப்படி விழிப்பேன் என்று அழுதார், இவர்கள் குடும்பம் விளங்குமா என்று கேட்டார், மார்பில் அடித்துக்கொண்டார். அத்தனை திரைகளும் கண் கூசும்படி எரிந்தன. விமானம் மழையில் நனைந்த ஓடுதளத்தில் அலுங்காமல் இறங்கியது.

பெட்டி விமானத்தில்தான் இருந்தது. செல்வாம்பிகை அவர் கையைப் பிடித்து மன்னிப்புக் கேட்டார். நாச்சியப்பன் கையை உதறிவிட்டுப் போனார்.

விசாரணைக் குழு கூடியது. இனியாவது அந்தக் குறையறியைக் கழற்றி எறிவார்கள் என்று செல்வாம்பிகை நம்பினார். குழுவோ, இயந்திரத்தில் பிழையில்லை, விமானி அறையில்தான் குறை போதவில்லை என்று முடிவுகட்டியது. வாயில் நன்றாக வருகிறது! இனி ஒவ்வொரு விமானத்திலும் விமானிகளுக்குப் பின்னால் ஒரு பயணி உட்கார வேண்டும்; அவருக்கு உண்மையான மனக்குறை இருக்க வேண்டும் என்று விதி வந்தது.

பேரன் பிறந்த சேதி கேட்டு நாச்சியப்பன் மறுபடி சிங்கப்பூருக்குக் கிளம்பினார். திருச்சி விமான நிலைய முகப்பில் இருந்த பெண் சிரித்த முகத்தோடு சீட்டை நீட்டினாள்.

"உங்களுக்கு விமானி அறையிலேயே இடம் போட்டிருக்குங்கய்யா."

"அது கெடக்கட்டும். எம் பெட்டிய ஏத்தியாச்சாம்மா?"

"இல்லைங்கய்யா. பாதுகாப்பு விதிப்படி இன்னைக்கு உங்க பெட்டியைத்தான் நிறுத்தி வச்சிருக்கோம்."

"என்ன அநியாயம் இது! பேரப்பிள்ளைக்கு அரணாக்கொடி இருக்குதும்மா அதுல! இப்பவே புகார் குடுக்குறேன் பாரு!"

"இங்க வேணாங்கய்யா," என்றாள் அவள் பதறிப்போய். "தயவுசெஞ்சு உள்ள போய் உட்கார்ந்ததும் குடுங்க."